ஃபோன் இல்லாதவர்கள் நடக்கும் சந்து

1

ஊத்தங்கரையில் காலை பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு பெங்களூர் வந்துவிடலாம். அதனால் நான் வெளியூர் வாழ்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஊரில் இருக்கிற சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள். துபாய்க்குப் போனவன் எழுதட்டும், சிங்கப்பூர் போனவன் எழுதட்டும், நீ ஓசூரைத் தாண்டினவன், உனக்கு எதுக்குடா இந்த வேலை என்கிறார்கள். சிரித்துக்கொள்ளுங்கள். கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டி ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் நான் யாருக்கும் இவ்வளவு கோபமாக ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. இதை முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் வேலு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். மேப் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. ஃபோனுக்குள் ஒரு பெண்குரல் "இடது பக்கம் திரும்பவும்" என்று சொல்லுமே, அந்த மாதிரி மேப். எந்தக் கோடு ரோடு, எந்தக் கோடு ரோடு இல்லை என்று முடிவு செய்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆஸ்டின் டவுனில் இரண்டு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொம்மனஹள்ளியில் இருக்கும் என் அக்கா செல்வியின் வீட்டில் சாப்பாடு.

அக்கா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர். அவள் வீட்டு வரிசைக்கும் ஓசூர் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. சந்தின் இரண்டு பக்கமும் ஒரே அடுக்குமாடியின் இரண்டு கட்டடங்கள். அடுக்குமாடி பிறகு வந்தது, சந்து முன்பே இருந்தது. அக்கா வீட்டுப் பக்கம் சந்தின் வாயில் அந்த அடுக்குமாடிக்காரர்கள் ஒரு இரும்பு கேட் வைத்திருந்தார்கள். வைத்த நாளிலிருந்து அது திறந்தே கிடந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு, நானும் அக்காவும் கறி வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தோம். கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி பாஷா எழுந்து நின்றார். நல்ல மனிதர். அக்காவை வருஷக்கணக்காகத் தெரியும்.

"செல்விம்மா, இன்னைக்கு போங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து இந்த வழி பந்த்."

"இன்னா பாய், யாரு சொன்னது?"

"அசோசியேஷன்ல சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா. இது ப்ரைவேட் ரோடாம். மேப்லயே போட்டிருக்குதாம், இங்க பாருங்க."

அவர் ஃபோனை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

சாம்பல் நிறத்தில் சந்து. நடுவில் ஒரு சின்னப் பூட்டுப் படம். எங்கள் கம்பெனியின் மேப்.

"உங்க ஆபீஸ் மேப்பாடா இது?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப நீதான் போட்டியா?"

2

இந்தச் சந்து மூடினால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய சாக்கடைக் கால்வாயின் ஓரமாகவே நடந்து, மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து, ஓசூர் ரோட்டில் திரும்பி வரவேண்டும். மழை பெய்தால் கால்வாய் ஓரம் இருக்காது, கால்வாய் மட்டும்தான் இருக்கும். அக்காவின் கம்பெனியில் காலை மணி அடித்துவிட்டால் கேட் மூடிவிடும். அதற்குப் பிறகு வருகிறவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு தடவை திரும்பினால் எச்சரிக்கை. அக்கா ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவள், மகள் காவ்யாவுக்கு டெங்கு வந்தபோது. இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். அந்த வரிசையில் இருக்கிற பெண்கள் பாதிப்பேர் அதே மாதிரி கம்பெனிகளுக்குத்தான் போகிறார்கள். எல்லோருக்கும் அதே மணி.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் அந்தச் சந்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பழைய கதை இருக்கும்: யார் மாற்றச் சொன்னார்கள், என்ன காட்டினார்கள், எங்கள் மென்பொருள் ஏன் ஒத்துக்கொண்டது என்று. இந்தச் சந்தைத் தனியார் பாதை என்று மாற்றச் சொல்லி சிலர் எழுதியிருந்தார்கள். கேட்டின் படம் போட்டிருந்தார்கள். அதை ஆமாம் ஆமாம் என்று இன்னும் சிலர் உறுதி செய்திருந்தார்கள். அப்புறம் மென்பொருள் தன் பங்குக்கு ஒன்று பார்த்திருந்தது. இந்தப் பாதையில் ஆட்கள் போகிறார்களா என்று.

அதை எப்படிப் பார்க்கும்? கண்ணால் பார்க்காது. ஃபோன்கள் நகர்வதை வைத்துப் பார்க்கும். ஃபோன் போனால் ஆள் போனதாகக் கணக்கு.

அந்தச் சந்தில் காலை நேரத்தில் கிட்டத்தட்ட யாருமே போகவில்லை என்று அது எழுதியிருந்தது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். காலையில் அந்தச் சந்தில் நின்று பார்த்திருக்கிறேன். இடிக்காமல் நடக்க முடியாது. டிபன் பையும் தண்ணீர் பாட்டிலும் ஈரத்தலையில் பூவுமாக அவ்வளவு பெண்கள். அது எப்படி யாருமே இல்லாமல் போகும்?

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கார்மெண்ட்ஸுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் வாசலில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், திருப்பித் தரும்போது நாலு வார்த்தை கேட்கவேண்டும். அதனால் யாரும் எடுத்துப்போவதில்லை. வீட்டுக்கு ஒரு ஃபோன், அது பிள்ளைகளிடம் இருக்கும். ஸ்கூல் வீட்டுப்பாடமே அதில்தானே வருகிறது.

எங்கள் மேப்பைப் பொறுத்தவரை என் அக்கா வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. இத்தனை வருஷமாக அவள் வேலைக்கே போகவில்லை. அவள் சம்பளத்தில் காலேஜ் படித்த நான், அவள் நடக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிற இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அதே திரையில் ஒன்று அழகாகத் தெரிந்தது. அடுக்குமாடியில் இருக்கிற யாரோ தினமும் காலையில் கையில் ஃபோனோடு கட்டடத்தைச் சுற்றி வருகிறார். நின்று நின்று, வளைந்து வளைந்து. நாயை நடக்கவிடுகிறார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாய் எங்கே காலைத் தூக்குகிறது என்பதுவரை எங்கள் மேப்புக்குத் தெரியும்.

என் மேனேஜர் சந்தோஷ் மண்டியாக்காரர். எல்லோரையும் குரு என்றுதான் கூப்பிடுவார். தமிழும் பேசுவார், எங்களோடு பழகிக் கற்றுக்கொண்டது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"குரு, உன் அக்கா ஏரியாவா அது?"

"ஆமா சந்தோஷ்."

"அப்போ நீ அதைத் தொடவே கூடாது. ரூல் தெரியும் இல்ல? சொந்தக்காரங்க ஏரியா, நோ டச்."

"நான் தொடலை. நீங்க ஆள் அனுப்பிப் பாருங்க. காலையில போய் நின்னா போதும்."

"ஒவ்வொரு சந்துக்கும் ஆள் அனுப்பினா கம்பெனி மூடிடணும் குரு. ப்ரூஃப் தா. பொது ரோடுன்னு கவர்ன்மெண்ட் லெட்டர் ஒண்ணு வாங்கிட்டு வா. நானே மாத்தறேன், ப்ராமிஸ்."

3

வார்டு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். முதல் நாள் என்ஜினியர் ஸ்பாட்டுக்குப் போயிருந்தார். இரண்டாவது தடவை மீட்டிங்கில் இருந்தார். மூன்றாவது தடவை இருந்தார்.

என் கன்னடம் ரோட்டில் கற்றுக்கொண்ட கன்னடம். காய்கறி வாங்க, ஆட்டோக்காரரோடு சண்டை போடப் போதும். படபடப்பில் அவரை "நீவு" என்று சொல்வதற்குப் பதிலாக "நீனு" என்று சொல்லிவிட்டேன். ஒரு அதிகாரியைப் பார்த்து, நீ பார் என்று சொல்லியிருக்கிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். ஏழு வருஷமாக எங்கள் தண்ணீரைக் குடிக்கிறாய், மரியாதை கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கவில்லையா என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, தப்பு என்னுடையதுதான். ஆனால் மன்னிப்புக் கேட்ட வாயோடு ரோட்டைக் கேட்பது கஷ்டம். குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

சந்தின் பெயரைச் சொன்னேன். அது பொதுப்பாதை என்று எழுதித் தரவேண்டும் என்றேன். அவருக்குப் பின்னால் பீரோ நிறைய வரைபடங்கள் சுருட்டி வைத்திருந்தன. ஒரு சுருளையாவது எடுத்துப் பிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"மேப்பல்லி ப்ரைவேட் அந்த இதே, நோடு" என்று என் பக்கம் திருப்பினார். மேப்பில் தனியார் என்றுதான் இருக்கிறது, பார்த்துக்கொள்.

சாம்பல் நிறச் சந்து. பூட்டு.

அந்த மேப்பைச் செய்கிறதே நாங்கள்தான் சார், அது தப்பு, அதைத் திருத்தத்தான் உங்கள் கடிதம் கேட்கிறேன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருந்தால் இன்னும் மோசம். "அப்படியென்றால் உங்கள் ஆபீஸில் திருத்தச் சொல்லு. அவர்கள் திருத்தினால் நான் எழுதித் தருகிறேன்" என்றார்.

வெளியே வந்து அந்த ஆபீஸ் படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அரசாங்கம் சொன்னால் நாங்கள் வரைவோம். நாங்கள் வரைந்தால் அரசாங்கம் சொல்லும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ரோட்டை யாரும் பார்க்கவில்லை.

4

பிறகுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. தோன்றியபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுக்குமாடிக்காரர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அவர்கள் பக்கத்திலிருந்து யோசித்தேன். ஓசூர் ரோட்டில் நெரிசல் வந்தால் எங்கள் மேப் குறுக்குவழி தேடும். இந்தச் சந்தை ரோடு என்று வைத்தால் காரும் டெம்போவும் உள்ளே விழும். பிள்ளைகள் விளையாடுகிற இடம். யாருக்கும் பயம் இருக்கத்தான் செய்யும். அதற்கு எங்களிடம் நல்ல வழி இருக்கிறது. நடைபாதை என்று குறித்தால் போதும். நடக்கிறவருக்கு வழி உண்டு, வண்டிக்கு இல்லை. அசோசியேஷனே அப்படி மாற்றச் சொல்லி எழுதினால் சந்தோஷுக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

அசோசியேஷன் செகரெட்டரி ராமநாதன் தமிழர்தான். அப்பா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம், மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவர். பாஷா இன்டர்காமில் என் கம்பெனி பெயரைச் சொன்னதும் மேலே வரச்சொல்லிவிட்டார். காபி கொடுத்தார். நல்ல காபி. எந்த ஊர், எந்த காலேஜ், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். அப்பா கூலி வேலை, நான்தான் வீட்டில் முதலில் படித்தவன் என்றேன். "வெரி குட், வெரி குட்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடைபாதை யோசனையை விளக்கினேன். வண்டி ஒன்றுகூட வராது சார், நான் பொறுப்பு என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"காருக்கு யாருப்பா பயந்தா? கார் வந்தா ரோட்டுல மேடா ஒரு ஹம்ப் போட்டா நின்னுட்டுப் போறது. ப்ராப்ளம் அது இல்ல. காலைல பாத்திருக்கியா நீ? ஒரே கும்பல். எங்க லேடீஸ் வாக்கிங் போக முடியல. இங்க ஃப்ளாட் பாக்க வர்றவா அந்த நேரத்துல வந்தா அப்படியே திரும்பிப் போயிடறா."

"வேலைக்குப் போறவங்க சார் அவங்க."

"நான் இல்லேன்னேனா? பாவம், உழைக்கிற ஜனங்க. சுத்திப் போகட்டுமே. கொஞ்சம் நடந்தா உடம்புக்கும் நல்லதுதானே."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீ வர்றதுன்னா யாரு தடுக்கப் போறா? உன் பேரை விசிட்டர் லிஸ்ட்ல போட்டுடச் சொல்றேன். நீ எங்களை மாதிரி" என்றார்.

சுத்திப் போ. இந்த இரண்டு வார்த்தையை நான் முதலில் கேட்டது இங்கே அல்ல. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் மேலத்தெருவுக்கு அந்தப்பக்கம் இருந்தது. மேலத்தெரு வழியாகப் போனால் கூப்பிடு தூரம். நாங்கள் அந்த வழியாகப் போனதில்லை. ஏரிக்கரையைச் சுற்றித்தான் போவோம். ஒரு நாள் மழையில் நானும் அக்காவும் மேலத்தெருவில் நுழைந்துவிட்டோம். ஒரு ஆள் வீட்டு வாசலில் நின்றபடி, கோபமே இல்லாமல், கோழியை விரட்டுகிற மாதிரி கையை அசைத்து, "சுத்திப் போங்க" என்றான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அக்கா அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். நான் சுற்றிக்கொண்டே படித்தேன். ஊரைப் பற்றி என்னிடம் ஏக்கமாகக் கேட்கிறவர்களுக்கு நான் ஏன் பதில் சொல்வதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

மேலத்தெருவில் அதைச் சொல்ல ஒரு ஆள் வாசலில் நிற்கவேண்டியிருந்தது. இங்கே யாரும் நிற்கவேண்டாம். ஃபோன் சொல்லிவிடுகிறது. அந்த ஃபோனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ராமநாதன் சாரிடம் காபிக்கு நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றுவரை பல்லைக் கடிக்கிறேன்.

5

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். ஒன்றாம் தேதிவரை கேட் திறந்திருக்கும், அதுவரை வேலைக்குப் போகும்போது ஃபோனை எடுத்துக்கொண்டு சந்தில் நடங்கள் என்றேன். நீங்கள் நடப்பது மேப்புக்குத் தெரிந்தால் போதும், அப்புறம் அது இல்லை என்று சொல்ல முடியாது.

"கம்பெனி வாசல்ல புடுங்கிக்குவான் தம்பி."

"நைட் ஷிப்டு முடிஞ்சு வர்ற வீட்டுக்காரரை ரோட்டு முனையில நிக்கச் சொல்லுங்க. அவர்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

"எம்புருசன் நிப்பான்னு நெனைக்கிறியா? நின்னா ஒயின்ஷாப்பாண்டதான் நிப்பான்."

சிரிப்பு. காவ்யாதான் சிரிக்கவில்லை. எட்டாவது படிக்கிறாள். கோபம் வந்தால் அம்மாவிடம் கன்னடத்தில்தான் பேசுவாள், அக்காவுக்குப் பாதி புரியாது என்பதால். "நோ சான்ஸ். காலைல எனக்கு ஃபோன் வேணும்" என்று தமிழிலேயே சொன்னாள், எனக்குப் புரியவேண்டும் என்று. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, மேப்ல நம்ம வீட்டை அந்த அபார்ட்மெண்ட் பேர்லயே போட முடியுமா? பின்பக்கம்னு போட்டாக்கூட ஓக்கே."

வகுப்பில் எல்லோரிடமும் அங்கேதான் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாளாம். நான் அவளைத் திட்டவில்லை. முடியாது என்று மட்டும் சொன்னேன்.

அக்காவின் பக்கத்து வீட்டு சரோஜா அந்த அடுக்குமாடியிலேயே மூன்று வீட்டில் வேலை செய்கிறவள். ராமநாதன் சார் வீடும் அதில் ஒன்று. அவள் நான் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீடுவீடாகப் போய் இருந்த ஃபோன்களையெல்லாம் ஒரு கட்டைப்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, புருஷனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, சந்தில் போவதும் வருவதுமாகச் சுற்றியிருக்கிறாள். காவ்யாவின் ஃபோனையும் எப்படியோ வாங்கியிருக்கிறாள்.

எங்கள் மென்பொருள் அதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டது. ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், ஒட்டிக்கொண்டு போய்வருகிற ஃபோன் கூட்டம். இப்படி ஏமாற்றுகிறவர்கள் உலகமெங்கும் உண்டு, அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சந்தின் மேல் சிவப்பில் மோசடி முயற்சி என்று விழுந்தது. இனி கொஞ்ச காலத்துக்கு யார் எழுதினாலும் அந்தச் சந்தைப் பற்றிப் பார்க்கமாட்டார்கள்.

இத்தனை வருஷம் இத்தனை பெண்கள் நடந்தது அதற்குத் தெரியவில்லை. ஒரு கட்டைப்பை தெரிந்துவிட்டது.

சந்தோஷ் என்னை ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "குரு, நீ பண்ணினியா?"

"இல்ல."

"உனக்குத் தெரியுமா யார் பண்ணினதுன்னு?"

"தெரியும். சொல்லமாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதோட விட்டுடு. உனக்கு நல்ல ரேட்டிங் இருக்கு. அந்தச் சந்துக்காக அதைக் கெடுத்துக்காதே."

சாயங்காலம் பொம்மனஹள்ளி போய் சரோஜாவிடம் கத்தினேன். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாயே, நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்தாய் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"இன்னா சாரு, நீதான சொன்ன? உங்க மேப்புக்கு ஆளு நடந்தா தெரியாது, ஃபோனு நடந்தாத்தான் தெரியும்னு? ஃபோனை நடக்க வுட்டேன். இப்ப அதுவும் தப்புன்றான். அப்ப அவனுக்கு இன்னாதான் வேணும்?"

அக்கா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். "அவகிட்ட எதுக்குடா கத்தற? கத்த வேண்டிய எடத்துல காபி குடிச்சிட்டு வந்துட்டு" என்றாள்.

6

ஒன்றாம் தேதி காலை நான் வேலைக்கு நேரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு அங்கே போய் நின்றேன். பெரிய கேட் சாத்திச் சங்கிலி போட்டிருந்தது. அதன் ஓரத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு புதிதாக வைத்திருந்தார்கள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து திறக்கும். அவர்களும் அக்காவின் வரிசையில்தானே இருக்கிறார்கள், அவர்கள் சுற்றி வந்தால் அடுக்குமாடியில் காபி நேரம் தவறிவிடும். பாத்திரம் தேய்க்கிற கைக்கு வழி உண்டு, தையல் மிஷின் ஓட்டுகிற கைக்கு இல்லை. மேலே இரண்டு கேமரா.

பெண்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். யாரிடமும் ஃபோன் இல்லை. டிபன் பைதான். பாஷா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். பின்வரிசையில் சிலர் கால்வாய்ப் பக்கம் திரும்பி ஓட்டமும் நடையுமாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா போகவில்லை, ஆனால் அவள் கால் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

சரோஜா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கார்டைக் காட்டினாள். பச்சை எரிந்தது. சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே போகவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டாள்.

"உம், போங்க" என்றாள்.

பாஷாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லா, சரோஜாம்மா, என் வேலை போயிடும்."

"உன் வேலைக்கு நீ கத்து பாய். நல்லா கேமராவுல தெரியறா மாதிரி கையைத் தூக்கிக் கத்து. நான் எங்க வேலைக்கு நிக்கிறேன்."

பாஷா கையைத் தூக்கிக் கத்தினார். "போகக் கூடாது! யாரும் போகக் கூடாது! நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சின்னக் கதவுக்குள் நுழைந்துகொண்டே இருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் சத்தமா பாய்" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

ராமநாதன் சார் இறங்கி வந்தார். கையில் ஃபோனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். "சரோஜா, கதவை விடு. இப்பவே உன் கார்டை பிளாக் பண்ணிடுவேன்."

"பண்ணுங்க சார்" என்றாள் அவள். "ராத்திரி போட்ட குக்கரு சிங்க்லதான் கெடக்குது. அதைத் தேச்சிட்டு வந்து பிளாக் பண்ணுங்க."

அவர் ஃபோனைத் தாழ்த்தினார். மாடிகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தார். அங்கேயும் ஒவ்வொரு வீட்டு சிங்க்கிலும் ஒரு குக்கர் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு என்னைப் பார்த்தார். "உன்னை நான் படிச்ச பையன்னு நினைச்சேன்" என்றார்.

"படிச்ச பையன்தான் சார்" என்றேன். அக்காவின் பின்னால் சின்னக் கதவில் நுழைந்தேன். இந்தத் தடவை நன்றி சொல்லவில்லை.

சந்துக்குள் நடந்தோம். முன்னால் அக்காவின் பையை வாங்கிக்கொண்டு ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். காவ்யா. சந்தின் நடுவில், தோளில் பையோடு அடுக்குமாடிப் பிள்ளைகள் சிலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வகுப்புதான் என்று நினைக்கிறேன். அவள் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. ஆனாலும் பையை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓசூர் ரோடு வந்ததும் அக்கா பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மணி அடிப்பதற்குள் அவள் கம்பெனிக்குள் போய்விட்டதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.

இதை எழுதுகிறவரை அந்தக் கதவை தினமும் யாராவது ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சரோஜாவின் கார்டை நிறுத்திவிட்டார்கள், அதனால் இப்போது வேறு ஒருத்தியின் முதுகு. அதையும் நிறுத்தினால் இன்னொருத்தி. எத்தனை நாள் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்கா ஒவ்வொரு காலையும் போகிறாள், அவ்வளவுதான் தெரியும்.

அன்றைக்கு ஆபீஸ் போனதும் ஒரு காரியம் செய்தேன். சந்தைத் தொடவில்லை, விதி விதிதான். எங்களிடம் மென்பொருளில் பக், அதாவது பிழை, இருந்தால் பதிவு செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பதியலாம். பதிந்தவர் பெயர் இருக்கும், அதை முடித்து வைத்தவர் பெயரும் இருக்கும், இரண்டும் அழியாது. அங்கே என் பெயரில் எழுதினேன்: ஃபோன் இல்லாமல் நடக்கிறவர்களை நம் மேப் மனிதர்களாக எண்ணுவதில்லை. இன்று காலை அவர்களோடு நடந்தேன். தீவிரம் என்ற இடத்தில் மிக உயர்ந்ததைப் போட்டேன். அதைப் போட்டால் பெரிய தலைகள் வரைக்கும் உடனே தகவல் போகும்.

சந்தோஷ் என் சீட்டுக்கே வந்துவிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"குரு, இது பக் இல்ல. நாம அப்படித்தான் கட்டியிருக்கோம். டிசைன் அது."

"தெரியும் சந்தோஷ்."

"தெரிஞ்சா க்ளோஸ் பண்ணு. ப்ளீஸ்."

"நான் க்ளோஸ் பண்ணமாட்டேன். வேணும்னா நீங்க பண்ணுங்க. உங்க பேர்ல."

அவர் என் கீபோர்டைப் பார்த்தார். பிறகு தன் சீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பதிவு இன்னும் திறந்திருக்கிறது.